ஓங் தாமின் மாய் மரமும் என் துப்பறியும் நோட்டும்

எழுத வராத மனிதனிடம் ஒரு நோட்டையும் நிறைய நேரத்தையும் கொடுத்து உட்கார வைத்தால், அவன் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்பட ஆரம்பிப்பான். மற்ற எழுத்தாளர்களுக்கும் இப்படி உண்டா என்று தெரியாது. கேட்டால் மறைப்பார்கள் என்று எனக்கொரு சந்தேகம். நான் மறைக்கவில்லை. சைகோனில் ஒரு வசந்த காலத்தில், நாவல் எழுதுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத எழுபது வயது மனிதர் மேல் இரண்டு வாரம் வழக்கு நடத்தினேன். சாட்சி நான், போலீஸ் நான், நீதிபதியும் நான். அப்படியும் தோற்றேன்.

அந்த வருடம் என் மனைவி மீனாவுக்கு பூ மி ஹங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. பூ மி ஹங் அடுக்குமாடிகளும் வெளிநாட்டுக் குடும்பங்களும் நிறைந்த புது நகரம். அங்கே வாடகை கேட்ட கையோடு பாலத்தைத் தாண்டிப் பழைய துறைமுகப் பக்கமான கான் ஹொய்க்கு வந்துவிட்டோம். நான் திருச்சியில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் விபத்து மனுக்களைச் சரிபார்க்கிறவன். அதாவது, வண்டி உண்மையிலேயே மோதியதா, இல்லை மோத வைத்தார்களா என்று பார்க்கிற வேலை. பதினாறு வருடம் ஜனங்களைச் சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கியவன், ஒரு வருடம் சம்பளமில்லாத விடுப்பு போட்டுவிட்டு மீனாவோடு கிளம்பினேன். வழியனுப்பு விழாவில், "வந்தால் நாவலோடுதான் வருவேன்" என்றேன். (மைக்கில் சொல்லியிருக்கக் கூடாது.)

நாங்கள் குடியிருந்தது இரண்டு மோட்டார் சைக்கிள்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டிய சந்து. வீட்டுக்காரர் செலினம்மா. அவருடைய அப்பா காரைக்காலிலிருந்து குமாஸ்தாவாக வந்தவர், அம்மா வியட்நாம்காரர். சண்டை முடிந்து சைகோன் கைமாறிய பிறகு சொந்தக்காரர்கள் பாதிப் பேர் பிரான்சுக்கும் பாதிப் பேர் ஊருக்கும் போய்விட, செலினம்மா மட்டும் அதே வீட்டில் தங்கிவிட்டார். அப்பாவிடம் கேட்டுப் பழகிய தமிழை எங்களிடம் பேசித் தீர்த்துக்கொண்டார். கீழே அவர், மேலே நாங்கள், அதற்கு மேலே மொட்டை மாடியும் அதை ஒட்டி ஓர் அறையும். அந்த அறைதான் என் எழுத்துக்கூடம்.

குடிவந்த அன்றே செலினம்மா மாடியைக் காட்டி, "தம்பி, இந்தச் செடிங்களக் கொஞ்சம் பாத்துக்கப்பா. ஒனக்கும் பொழுது போவும்" என்றார். என் பொழுது இலக்கியத்தில் போகப் போகிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

நாவலின் முதல் வாக்கியம் சீக்கிரமே வந்துவிட்டது. "மழை பெய்துகொண்டிருந்தது." அடித்துவிட்டேன். மறுநாள், "மழை பெய்யவில்லை." அதையும் அடித்தேன். இப்படியே நான்கு மாதம் போயிற்று. அதற்குள் மாடியில் வெண்டை காய்த்துவிட்டது, தண்டுக்கீரை இரண்டு அறுப்பு முடிந்துவிட்டது, பச்சை மிளகாய் சந்துக்கே விநியோகமாயிற்று. மாலையில் மீனா வந்து, "இன்னிக்கு எவ்ளோ எழுதினீங்க?" என்று கேட்டால், "பாகல் பந்தலேறிடுச்சு" என்று பதில் சொல்வேன். அவள் ஒன்றும் சொல்லாமல் தலைக்கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள். அந்த மௌனத்தையும் நான் சந்தேகப்பட்டேன்.

அந்த மாடியில், பெரிய பீங்கான் தொட்டியில், என் உயரத்துக்கு ஒரு மரம் இருந்தது. மாய் மரம். அது யாருடையது, எதற்காக அங்கே நின்றது என்பதெல்லாம் எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் பக்கம் நியாயம் இருப்பதாக நினைத்துவிடுவீர்கள்.

மரம் பக்கத்து வீட்டு ஓங் தாமுடையது. ஓங் தாம் என்றால் எட்டாமவர் என்று அர்த்தம். மனிதர் வீட்டில் ஏழாவது பிள்ளை. (தெற்கே மூத்த பிள்ளையையே 'இரண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தக் கணக்கு தெரிந்த அன்றே எனக்கு அவர் மேல் ஒரு கண்.) அவர் மாடிக்குப் பக்கத்தில் ஒரு உயரமான கட்டடம் எழும்பி வெயிலை மறைத்துவிட்டதால், செலினம்மாவிடம் சொல்லி மரத்தை எங்கள் மாடியில் வைத்திருந்தார். இரண்டு மாடிகளுக்கும் நடுவே முழங்கால் உயரச் சுவர். மாய் மரத்தில் மஞ்சள் பூ பூக்கும். அது டெட் பண்டிகை அன்று, அதாவது அவர்கள் புத்தாண்டின் முதல் நாள் காலையில் பூத்திருந்தால் அந்த வருடம் வீட்டுக்கு யோகம். முன்னால் பூத்து உதிர்ந்தாலும் சரியில்லை, பின்னால் பூத்தாலும் சரியில்லை. அந்த வருடம் அவர் ஒரே மகள் லான், இருக்கிற சேமிப்பையெல்லாம் போட்டு, வீட்டு முன்னறையில் முடி திருத்தும் கடை திறக்க இருந்தாள். டெட் முடிந்து பத்தாம் நாள் திறப்பு. அந்தக் கடைக்காகத்தான் ஓங் தாம் மரத்தையே சுற்றிச் சுற்றி வந்தார்.

இன்னும் ஒன்று. டெட்டுக்கு ஏறக்குறைய இரண்டரை வாரம் முன்னால் மாய் மரத்தின் இலைகளை ஒன்று விடாமல் கையால் உருவிவிடுவார்கள். அப்போதுதான் மொட்டெல்லாம் சேர்ந்தாற்போல் நாள் தப்பாமல் மலரும். சைகோனில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் குழந்தை இல்லையே.

ஒரு நாள் காலையில் காப்பியோடு மாடிக்குப் போனால், மரத்தில் ஒரு இலைகூட இல்லை. நேற்று வரை பச்சைப்பசேலென்று நின்றது, வெறும் குச்சியாக நிற்கிறது. மூலையில் இலைகள் ஒழுங்காகப் பெருக்கிக் குவிக்கப்பட்டிருந்தன. நான்கு மாதம் நான் தண்ணீர் ஊற்றிய மரம். காற்றடித்தால் இப்படி ஆகாது, பூச்சி தின்றால் குவித்து வைக்காது. என் பதினாறு வருட அனுபவம் உடனே விழித்துக்கொண்டது. குட்டைச் சுவரின் மேல் ஒரு ரப்பர் செருப்பின் தடம் இருந்தது.

"மீனா, யாரோ மரத்தக் கொன்னுட்டாங்க."

"செலினம்மாகிட்ட கேளுங்க."

"அவங்களும் உடந்தையா இருக்கலாம். தினமும் காலையில அந்த ஆளோட உக்காந்துதான் காப்பி குடிக்கறாங்க."

"கேட்டா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும்."

"கேட்டா உஷாராயிடுவாங்க" என்றேன். மீனா பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள்.

அன்றுதான் நோட்டில் முதல் முறையாகப் பேனா தங்கு தடையில்லாமல் ஓடியது. நாவலுக்கென்று வாங்கிய நோட்டு, முதல் பக்கத்தில் மழை பெய்து, பெய்யாமல் நின்றுபோன நோட்டு. மூன்று நாளில் இருபது பக்கம் எழுதினேன். "காலை 6.10. சந்தேக நபர் வெறும் பனியனோடு சுவர் தாண்டி வந்தார். பனியனில் இடது பக்கம் மூன்று ஓட்டை. மரத்தைப் பார்த்தார். திருப்தியாகச் சிரித்தார்." "காலை 6.25. மொட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார். அடுத்த இலக்கு மொட்டுகள்." அறை ஜன்னலின் மரச் சட்டங்களுக்கு நடுவே கண்ணை வைத்துப் பார்த்து, பார்த்ததை எழுதினேன். நபரின் படம்கூட வரைந்திருந்தேன். பனியன் நன்றாக வந்திருந்தது, முகம் சுமார்.

நான்காம் நாள் ஓங் தாம் தோளில் ஒரு பையோடு மாடிக்கு வந்தார். முழுச் சட்டை, வெளியூர் போகிற தோரணை. என்னைப் பார்த்ததும் மரத்தைக் காட்டினார், பிறகு என் நெஞ்சைக் காட்டினார், தோளைத் தட்டினார். கையை மூடி, ஐந்து விரலையும் மெதுவாக விரித்துக் காட்டி, என்னையே உற்றுப் பார்த்தார். எனக்கு அவர் மொழியில் வணக்கமும் விலையும்தான் தெரியும். 'வாயைத் திறந்தாயோ, மரத்துக்கு வந்த கதிதான் உனக்கும்' என்கிறார் என்று புரிந்துகொண்டேன். நோட்டில், "நேரடி மிரட்டல். பிறகு தலைமறைவு" என்று எழுதினேன்.

(அவர் போனது தெற்கே ஆற்று டெல்டா பக்கத்தில் இருந்த சொந்த ஊருக்கு. டெட்டுக்கு முன்னால் முன்னோர்களின் கல்லறையைச் சுத்தம் செய்துவிட்டு வருவது வழக்கம். 'மரத்தைப் பார்த்துக்கொள், பூக்கப் போகிறது' என்று என்னை நம்பிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், பாவம்.)

எதிரி ஊரில் இல்லாத நேரம்தான் பாதிக்கப்பட்டவரை இடம் மாற்றத் தோதான நேரம். மீனா பள்ளியில் இருந்தபோது தொட்டிக்கு அடியில் கோணிப்பையைக் கொடுத்து, அங்குலம் அங்குலமாக இழுத்து, மரத்தை என் எழுத்துக்கூடத்துக்குள் கொண்டுவந்து பூட்டினேன். முதுகு பிடித்துக்கொண்டது. உடனே வைத்தியத்தையும் ஆரம்பித்தேன். குளிர் தாக்கியிருக்கலாம் என்று வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினேன். வெளிச்சம் போதாது என்று என் மேசை விளக்கை அணைக்காமல் மரத்தின் பக்கம் திருப்பி வைத்தேன். உரக்கடையில் மீனை ஊறவைத்துச் செய்த கரைசல் ஒன்று விற்றார்கள். பாட்டிலில் போட்ட அளவுக்கு இரண்டு மடங்கு ஊற்றினேன். அதற்குப் பிறகு மீனா அந்த அறைப் பக்கமே வரவில்லை. கீழேயிருந்து செலினம்மா மட்டும், "தம்பி, மேல கருவாடு வறுக்கிறியா?" என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்று மழுப்பிவிட்டேன்.

வைத்தியம் ஆரம்பித்த ஐந்தாம் நாள் மொட்டுகளின் தோல் வெடித்தது. ஏழாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் அறை முழுக்க மஞ்சள். மேசை மேல் மஞ்சள், நோட்டு மேல் மஞ்சள். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நாவல் எழுத முடியாதவன் ஒரு மரத்துக்கு உயிர் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். டெட்டுக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஓங் தாம் ஊரிலிருந்து வந்தார். பையைக்கூட இறக்காமல் சுவர் தாண்டி வந்தவர், மரம் நின்ற இடத்தில் வட்டமான ஈரத் தடத்தைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் செலினம்மா படியேறி ஓடிவந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை, மீனாவும் இருந்தாள். என் நேரம் வந்துவிட்டது. வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் ஒரு கதவைத் திறந்ததில்லை.

"மரம் என்கிட்ட பத்திரமா இருக்கு. இலையெல்லாம் பிச்சும் எப்படிப் பூத்திருக்கு பாத்தீங்களா? அவர்கிட்ட சொல்லுங்க செலினம்மா."

ஓங் தாம் உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, மீன் உரம் சிந்திக் கிடந்த தரையிலேயே மெதுவாக உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒரு பூ உதிர்ந்து அவர் முழங்காலில் விழுந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ட்ரொய் ஒய், கடவுளே!" என்று செலினம்மா தலையில் கை வைத்தார். "என்னா காரியம் பண்ணி வச்சிருக்கே தம்பி! டெட்டுக்குப் பூக்கணும்னுதானே அவரு எலைய உருவிவுட்டாரு! அவரு மரம்பா இது. லான் கடை தொறக்கப் போவுது, அதுக்காவ வச்சிருந்த மரம்!"

அதன் பிறகு நின்றுகொண்டே எல்லாவற்றையும் விளக்கினார். கேட்கக் கேட்க என் காது சுட்டது. ஓங் தாம் தரையிலிருந்து எழும்போது கைக்கு அகப்பட்ட மேசையைப் பிடித்தார். அங்கே நோட்டு விரிந்து கிடந்தது. தன் படத்தைப் பார்த்தார். பனியனைப் பார்த்தார். விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார்.

நான் நோட்டைப் பிடுங்குவதற்குள் மீனா எடுத்துவிட்டாள். நான்கு மாதமாக என் எழுத்தைப் படிக்கக் காத்திருந்தவள் அவள். மீனா படிக்க, செலினம்மா வியட்நாமிய மொழியில் சொல்ல, ஓங் தாம் கேட்டார். என்னுடைய முதல் படைப்பு அரங்கேறிய விதம் இதுதான். 'பனியனில் மூன்று ஓட்டை' என்ற இடம் வந்ததும் அவர் ஏதோ திருத்தினார். "ரெண்டுதானாம்" என்றார் செலினம்மா. 'நேரடி மிரட்டல்' வந்தபோது மீனாவால் மேலே படிக்க முடியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓங் தாம் மட்டும் சிரிக்கவில்லை. என்னை வைதிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். குனிந்து கும்பிட்டுவிட்டு, சுவர் தாண்டிப் போய்விட்டார். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வீட்டின் வருடத்தையே கெடுத்துவிட்டேன் என்ற எண்ணம் விடவேயில்லை.

டெட்டுக்கு முதல் நாள் பூச்சந்தையில் அலைந்து, நாளைக் காலையில் கட்டாயம் மலரும் என்று விற்றவர் கையடித்துச் சொன்ன ஒரு சின்ன மாய்த் தொட்டியை வாங்கி வந்தேன். மீனா நம்பவில்லை, நானும் நம்பவில்லை. விடிந்து பார்த்தால் பூத்திருந்தது. ஏழு மணிக்குக் குளித்து, வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி வைத்து, தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓங் தாம் வீட்டுக்கு நடந்தேன். பட்டாசு மாதிரி பளிச்சென்று மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று திட்டம்.

கதவு ஒருக்களித்திருந்தது. நான் வாசலை நெருங்கவும், எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து செலினம்மா கத்தினார்: "தம்பி! உள்ள போவாத! போவாத, நில்லு!"

சாதாரண மனிதன் நின்றிருப்பான். நான் பதினாறு வருட அனுபவசாலி அல்லவா? ஏன் போகக் கூடாது? உள்ளே எதை மறைக்கிறார்கள்? காலை எட்டிப் போட்டு உள்ளே நுழைந்துவிட்டேன்.

உள்ளே ஒன்றும் இல்லை. புதுச் சட்டையில் ஓங் தாமும், புதுக் கண்ணாடிகளும் சுழல் நாற்காலியும் வைத்த முன்னறையில் லானும் என்னைப் பார்த்தபடி சிலை மாதிரி நின்றார்கள். டெட் அன்று காலையில் வீட்டுக்குள் முதலில் காலெடுத்து வைக்கிறவர் யாரோ, அவருடைய ராசிதான் வருடம் முழுக்க அந்த வீட்டுக்கு. அதற்காக நல்ல மனிதராகப் பார்த்து முன்கூட்டியே அழைத்து வைப்பார்கள். ஓங் தாம் வியாபாரம் செழித்த ஒரு மருந்துக் கடைக்காரரை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். ஏழு மணிக்கு, வேலையில்லாத, ஒரு வரி எழுத வராத, மரத்தைக் கெடுத்த நான் பூந்தொட்டியோடு வந்து நின்றேன்.

"அதான் கத்துனேன்" என்றார் மூச்சு வாங்க வந்து சேர்ந்த செலினம்மா. "இனி இந்த வருசம் கடை எப்படி ஓடுதோ அது ஒன் தலையில."

அவர் சொன்னது அப்படியே பலித்தது. டெட்டுக்கு முன்னால்தான் சைகோனே முடி வெட்டிக்கொள்ளும். புது வருடத்தின் முதல் மாதம் பலர் கத்தரியைக் கிட்டவே விடமாட்டார்கள். கடை திறந்து ஒரு வாரம் லான் காலியான நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஓங் தாம் கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து எங்கள் வீட்டு வாசலையே பார்த்தார். நான் வெளியே வந்தால் அவர் பார்வையும் கூடவே வரும். சந்தேகப்படுகிறவன் கண் எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? எட்டாம் நாள் தாங்க முடியாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு வாரம் இருமுறை முடி வெட்டிக்கொண்டேன். இரண்டாவது வாரத்திலேயே வெட்ட ஒன்றுமில்லை. லான் மனசாட்சி உள்ளவள், வேண்டாம் என்பாள். நான் கையெடுத்துக் கும்பிட்டு உட்காருவேன். அவள் வெறும் காற்றில் அரை மணி நேரம் கத்தரியை ஓட்டுவாள். மீனாவையும் அவள் பள்ளி டீச்சர்களையும் பாலம் தாண்டி வரவழைத்தேன். மூன்றாம் மாதம் கூட்டம் வர ஆரம்பித்தது. ஒரு முடியும் இல்லாத தலைக்கே இவ்வளவு நேரம் பொறுமையாகச் செய்கிறவள், நம் தலைக்கு எவ்வளவு செய்வாள் என்று சந்தில் பேசிக்கொண்டார்களாம். செலினம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எலையெல்லாம் உருவியாச்சு, பூ எப்ப தம்பி?" என்பார். எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் நான் பேனாவோடு உட்கார்ந்தால் எல்லோரும் கேட்பது இதைத்தான்.

விடுப்பு முடிந்து, நாவலும் இல்லாமல் தலையில் முடியும் இல்லாமல் திருச்சிக்குத் திரும்பினேன்; இரண்டும் பிறகு வரவேயில்லை. மீனாவும் அடுத்த வருடம் வந்துவிட்டாள். அதிலிருந்து ஒவ்வொரு டெட்டுக்கும் முதல் நாள் செலினம்மாவிடமிருந்து போன் வரும். ஓங் தாம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கச் சொல்வார்: தம்பி ஊரில்தானே இருக்கிறது? ஊரில்தான் என்று நான் உறுதி சொன்ன பிறகே அவர் தூங்கப் போவாராம். பண்டிகையன்று மத்தியானம், வர வேண்டியவர்கள் வந்து போன பிறகு, வீடியோவில் மரத்தைக் காட்டுவார். மொட்டாக இருக்கும்போது ஒரு நாளும் காட்டியதில்லை.

போன டெட் அன்று மட்டும் காலை ஆறு மணிக்கே போன் அடித்தது. அங்கே ஏழரை இருக்கும். எனக்குப் பகீரென்றது.

"தம்பி, லான் பாலத்துக்கு அந்தாண்ட ரெண்டாவது கடை தொறக்குது" என்றார் செலினம்மா. "ஓங் தாம் இன்னும் வூட்டுக் கதவையே தொறக்கல. போன்லயாவது மொதல்ல நீதான் வூட்டுக்குள்ள வரணுமாம். மொகத்தக் காட்டு, சீக்கிரம்!"

இதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று மீனாவிடம் சொல்ல வாயெடுத்தேன். முடிக்கவில்லை. போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, "ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லு, தலை வாரிட்டு வந்துடறேன்" என்று கண்ணாடியைப் பார்த்து ஓடினேன்.

"எந்தத் தலைய?" என்றாள் மீனா.